மெய்ப்புள்ளி காணாமற்போன கான்வாஸ்: மவுஸ் கீற்றுகளைப் பதிவுசெய்யும் ஒரு நிரலின் நிகழ்வு ஆய்வு

தமிழ் எழுதப் பழகுகிறவர்கள் திரையில் மவுஸால் எழுத்தை வரைய, வரைந்த பாதையைப் புள்ளிகளாகக் கோப்பில் சேமித்து, பின்னர் அதை மாதிரி எழுத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் சிறு நிரல் ஒன்று ஆய்வுக்கு வந்தது. பைத்தான் மொழியில், அதனுடனேயே கிடைக்கும் டிகின்டர் நூலகத்தைக் கொண்டு எழுதப்பட்டிருந்த அந்த நிரலின் வரையும் பகுதியில் ஒரு சாளரம், அதனுள் வரைவதற்கான பரப்பாகிய ஒரு கான்வாஸ், ‘சேமி’, ‘அழி’ என்ற இரண்டு பொத்தான்கள் தவிர வேறொன்றும் இல்லை. முதலில் எழுதியவர் அப்பணியிலிருந்து விலகிவிட்டிருந்தார். வகுப்பில் அதைப் பயன்படுத்தியவர்கள் எழுதித் தந்த குறைகள் மட்டுமே கையில் இருந்தன.

வேகமாக வரைந்தால் கோடு வராமல் தனித்தனிப் பொட்டுகளாகச் சிதறுகிறது; மெதுவாக வரைந்தாலும் எழுத்து நீள நீளச் சுழிகள் வளையாமல் பலகோணமாக உடைகின்றன; கான்வாஸைக் கீழே உருட்டிய பிறகு வரைந்தால் கோடு வேறிடத்தில் விழுகிறது; ஒப்பீட்டுச் சாளரத்தில் ஒரு கீற்றின் (பட்டனை அழுத்தியது முதல் விடுவது வரை வரைந்த கோட்டின்) முடிவிலிருந்து அடுத்த கீற்றின் தொடக்கத்துக்கு வேண்டாத கோடு ஒன்று ஓடுகிறது; ‘க்’ என்று எழுதினால் சில சமயம் ‘க்’ என்றும் பல சமயம் ‘க’ என்றும் பதிவாகிறது; ‘ஃ’ எழுதிச் சேமித்தால் பெரும்பாலும் கோப்பு வெறுமையாகவே இருக்கிறது. பட்டியலைப் படிக்கும்போது ஒவ்வொன்றும் தனிக் குறையாகத் தோன்றும். நிரலைத் திறந்து பார்த்தபின், திரையில் தெரியும் படத்தையே பதிவு என்று கருதி நிரல் கட்டப்பட்டிருப்பதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் என்பது புலப்பட்டது. கையின் ஓட்டத்தைப் பதிவுசெய்வது ஒரு வேலை, அதைத் திரையில் காட்டுவது வேறொரு வேலை. இங்கே இரண்டாவது வேலை முதலாவதை விழுங்கிக்கொண்டிருந்தது.

பழைய நிரல் செய்தது

இடது பட்டன் அழுத்தப்பட்ட நிலையில் மவுஸ் நகரும்போது எழும் நிகழ்வு (நிரலுக்கு வரும் அறிவிப்பு) ஒன்றுடன் மட்டுமே பழைய நிரல் தன் செயற்கூறை (அந்த அறிவிப்பு வந்ததும் இயங்கும் நிரல் பகுதியை) இணைத்திருந்தது. அந்தச் செயற்கூறு நிகழ்வு தரும் எக்ஸ், ஒய் மதிப்புகளை ஒரே நீண்ட பட்டியலில் சேர்த்தது. கான்வாஸில் உள்ள அனைத்தையும் அழித்தது. பட்டியலின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சிறு வட்டத்தை மீண்டும் வரைந்தது. கோப்பைத் திறந்து முழுப் பட்டியலையும் எழுதி மூடியது. இறுதியில், வரைந்தது உடனே கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாளரத்தின் ‘அப்டேட்’ கட்டளையை அழைத்தது. பட்டனை அழுத்தும் நிகழ்வுக்கும் விடும் நிகழ்வுக்கும் அங்கே எந்த இணைப்பும் இல்லை.

படிக்கும்போது எளிமையாகவும் ஒழுங்காகவும் தோன்றக்கூடிய நிரல்தான் அது. சில புள்ளிகளோடு சோதித்துப் பார்ப்பவருக்கு அதில் குறை எதுவும் அகப்படாது. எழுத்து நீள நீளத்தான் குறை வெளிப்படும்.

மவுஸ் தருவது கோடு அன்று

மவுஸ் தன் பாதையைத் தொடர்ச்சியாகச் சொல்வதில்லை. சாதாரண யுஎஸ்பி மவுஸைக் கணினி நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு முறை, விசாரிக்கிறது; விளையாட்டுக்கென விற்கப்படும் மவுஸ்கள் 1000 முறையும் அதற்கு மேலும் பதில் சொல்கின்றன. ஒவ்வொரு பதிலும் கடந்த விசாரிப்புக்குப் பிறகு எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. இயங்குதளம் அந்த நகர்வைத் தன் வேகக் கணக்கின்படி கூட்டியோ குறைத்தோ கர்சரின் புதிய இடத்தைத் தீர்மானிக்கிறது. எனவே நிரலுக்கு வந்துசேரும் புள்ளி, கை இருந்த இடத்தைக் காட்டிலும் கர்சர் இருந்த இடத்தையே குறிக்கிறது. எழுத்துப் பயிற்சிக்கு அதுவே பொருத்தமானது. எழுதுகிறவர் கண் வைத்திருப்பது கர்சரின்மேல்தான்.

1920 பிக்சல் அகலமுள்ள திரையை அரை நொடியில் கடக்கும் கை நொடிக்கு 3840 பிக்சல் வேகத்தில் செல்கிறது. 125 முறை விசாரிக்கப்படும் மவுஸில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே 30 பிக்சலுக்கு மேல் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கை எங்கே இருந்தது என்பது எந்த நிரலுக்கும் தெரியாது. மவுஸே அதைச் சொல்லவில்லை. ஆகவே புள்ளிக்கு ஒரு வட்டம் வரைந்தால் வேகத்தில் பொட்டுகள் சிதறத்தான் செய்யும். முந்தைய புள்ளியிலிருந்து இந்தப் புள்ளி வரை ஒரு நேர்கோட்டுத் துண்டை வரைவதே சரியான வழி. வரைகலை நிரல் எழுதுகிறவர்கள் அனைவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது. இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம் அடுத்தது. மவுஸ் சொன்ன புள்ளிகள் எல்லாம் நிரலுக்கு வந்துசேர்வதில்லை. விண்டோஸில் மவுஸ் நகர்வுச் செய்திகள் ஒவ்வொன்றும் வரிசையில் தனித்தனியே அடுக்கிவைக்கப்படுவதில்லை. மவுஸ் நகர்ந்திருக்கிறது என்ற குறிப்பு மட்டும் இருக்க, நிரல் அடுத்த செய்தியைக் கேட்கும் நேரத்தில் அப்போதைய இடத்தோடு ஒரு செய்தி உருவாக்கப்படுகிறது. டிகின்டருக்கு அடியில் இயங்கும் டிகே நூலகமும் தன் பங்குக்கு, கையாளப்படாமல் காத்திருக்கும் நகர்வு நிகழ்வு ஒன்று இருக்கையில் அதே சாளரத்துக்கு இன்னொன்று வந்தால், பழையதை நீக்கிப் புதியதை அதன் இடத்தில் வைக்கிறது. மேக் இயங்குதளத்திலும் இத்தகைய ஒருங்கிணைப்பு உண்டு. அதை நிறுத்தவும் அங்கே வழி இருக்கிறது. டிகேயைப் போன்ற மற்றொரு நூலகமான க்யூடி, லினக்ஸில் வழங்கும் எக்ஸ்11 என்ற திரைச் சூழலில் இதை இயல்பாகச் செய்கிறது, விண்டோஸில் இயல்பாகச் செய்வதில்லை. இந்த ஏற்பாட்டைக் குறையென்று சொல்ல முடியாது. பொத்தானை அமுக்கவும் சாளரத்தை இழுக்கவும் கர்சரின் இப்போதைய இடம் போதும். கடந்துவந்த இடங்கள் எல்லாம் வரிசையில் தேங்கினால் மெதுவான நிரல் பயனரின் கைக்குப் பின்னால் வெகுதூரம் பிந்திவிடும். ஆனால் பாதையே பொருளாக இருக்கும் நிரலுக்கு இந்த ஏற்பாடு ஒரு நிபந்தனையை விதிக்கிறது: ஒரு நிகழ்வைக் கையாள எடுத்துக்கொள்ளும் நேரத்துக்குள் வரும் மற்ற நகர்வுகள் தொலைந்துவிடும்.

இதைக் கொண்டு பழைய நிரலின் செயற்கூறை மதிப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு நிகழ்விலும் எல்லா வட்டங்களையும் மீண்டும் வரைவதால், 500 புள்ளிகள் கொண்ட எழுத்து முடியும்போது மொத்தம் 1,25,250 வட்டங்கள் உருவாக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் மின்னலாக முடியும் செயற்கூறு முடிவில் ஊர்ந்து செல்லும். கோப்பைத் திறந்து மூடும் வேலையும் இத்துடன் சேர்கிறது. ஒரு நிகழ்வுக்கு 40 மில்லிநொடி பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், மவுஸ் நொடிக்கு 125 முறை சொன்னாலும் நிரல் கேட்பது 25 முறைதான். நொடிக்கு 1000 பிக்சல் வேகத்தில் செல்லும் கைக்கு, 8 பிக்சலாக இருக்க வேண்டிய இடைவெளி 40 பிக்சலாகிவிடும். ‘ண’ எழுத்தில் 60 பிக்சல் விட்டமுள்ள ஒரு சுழியின் சுற்றளவு ஏறத்தாழ 188 பிக்சல். 8 பிக்சல் இடைவெளியில் அதன்மேல் 23 புள்ளிகள் விழும், 40 பிக்சல் இடைவெளியில் நான்கோ ஐந்தோதான் விழும். பிள்ளைகள் குறிப்பிட்ட ‘பலகோணச் சுழி’ இதுவே. எழுத்தின் முதல் சுழி நன்றாக வந்து கடைசிச் சுழி கெட்டுப்போவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். படத்தை அழகாகக் காட்டச் செலவிட்ட நேரம் படத்துக்கு வேண்டிய புள்ளிகளையே தின்றுவிட்டது.

‘அப்டேட்’ கட்டளை இதனினும் விபரீதமானது. அது காத்திருக்கும் நிகழ்வுகள் அனைத்தையும் அங்கேயே கையாளச் சொல்கிறது. செயற்கூறு தன் வேலையை முடிக்கும் முன்னரே அடுத்த நகர்வு நிகழ்வு வந்து, அதே செயற்கூறு தனக்குள்ளேயே மீண்டும் தொடங்கிவிடும். இந்த நிரலில் புள்ளியைப் பட்டியலில் சேர்ப்பது முதல் வரியாகவும் கட்டளை கடைசி வரியாகவும் இருந்ததால் மட்டுமே புள்ளிகளின் வரிசை குலையாமல் தப்பியது. யாராவது இடையில் ஒரு வரியை இடம் மாற்றியிருந்தால், பின்னால் வந்த புள்ளி முன்னால் பதிவாகும் வாய்ப்பு உண்டாகியிருக்கும். அந்தக் குறையைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். டிகே கான்வாஸ் தன் மறுவரைவை நிகழ்வுகள் ஓய்ந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கும் இயல்புடையது. செயற்கூறு விரைவில் முடிந்துவிட்டால் கோடு தானாகவே உடனுக்குடன் தெரியும். அப்படியும் உடனே காட்ட வேண்டிய அவசியம் நேர்ந்தால், ஓய்வுநேர வேலைகளை மட்டும் முடிக்கச் சொல்லும் தனிக் கட்டளை இருக்கிறது. அது நிகழ்வுகளைத் தொடுவதில்லை.

அழுத்துதல், நகர்தல், விடுதல்

‘க்’ குறை இந்த ஆய்வில் மிகவும் பயன் தந்தது. மெய்யெழுத்தின் மேற்புள்ளியைக் காகிதத்தில் வைக்கும்போது பேனாவை ஒரு முறை தொட்டு எடுப்பதுபோல, மவுஸிலும் பயனர் ஒரு முறை சொடுக்கி விடுகிறார். கர்சர் நகரவில்லையானால் நகர்வு நிகழ்வு எழாது. நகர்வு நிகழ்வை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் நிரலுக்கு அந்தச் சொடுக்கு நடந்ததே தெரியாது. சொடுக்கும்போது விரல் அசைவில் கர்சர் ஒன்றிரண்டு பிக்சல் நகர்ந்துவிட்டால் மட்டும் புள்ளி பதிவாகும். ‘சில சமயம் வருகிறது, பல சமயம் வரவில்லை’ என்ற புகாருக்கு இதுவே விளக்கம். மூன்று சொடுக்கில் எழுதப்படும் ‘ஃ’ முழுவதுமாகக் காணாமற்போவதும், ‘ஈ’ தன் இரு புள்ளிகளை இழப்பதும் இதனால்தான். புள்ளியே இல்லாத எழுத்துகளோடு மட்டும் இந்த நிரலைச் சோதித்திருந்தால் குறை பல ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடும். பதினெட்டு மெய்களும் புள்ளி பெறும் எழுத்துமுறையில் அது முதல் நாளிலேயே அம்பலமாகிவிடுகிறது.

அழுத்தும் நிகழ்வைக் கேட்காததன் மற்றொரு விளைவு கண்ணுக்கு எளிதில் படாதது. ஒவ்வொரு கீற்றும் பட்டன் அழுத்தப்பட்ட இடத்தில் தொடங்காமல், அதற்குப் பின் வந்த முதல் நகர்வின் இடத்தில் தொடங்கியது. வேகமான கீற்றில் தொடக்கத்தில் முப்பது பிக்சல் காணாமற்போகலாம். விடும் நிகழ்வும் தனக்கென ஓர் இடத்தைத் தாங்கி வருகிறது. கடைசி நகர்வுக்கும் விடுதலுக்கும் இடையே கர்சர் நகர்ந்திருந்தால் அந்த இடத்தையும் சேர்த்தால்தான் கீற்று முடிவு பெறும்.

புதிய நிரலில் மூன்று செயற்கூறுகள் அமைந்தன. அழுத்தும்போது புதிய கீற்று ஒன்று திறக்கப்பட்டு, அந்த இடம் அதன் முதற்புள்ளியாகிறது. நகரும்போது புள்ளி கீற்றின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. அதன்பின் முந்தைய புள்ளியிலிருந்து ஒரே ஒரு கோட்டுத் துண்டு வரையப்படுகிறது. வேறு எதுவும் செய்யப்படுவதில்லை. விடும்போது கடைசிப் புள்ளி சேர்க்கப்பட்டுக் கீற்று மூடப்படுகிறது. கோப்பில் எழுதும் வேலை ‘சேமி’ பொத்தானுக்கு மாற்றப்பட்டது. பதிவு என்பது இப்போது புள்ளிகளின் பட்டியல் அன்று, கீற்றுகளின் பட்டியல். ஒவ்வொரு கீற்றும் புள்ளிகளின் பட்டியல். ஒப்பீட்டுச் சாளரத்தில் ஓடிய வேண்டாத கோடு இந்த ஒரு மாற்றத்தால் மறைந்தது. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. கையெழுத்துத் தரவுக்கென 1990களில் உருவான யூனிபென் வடிவம் பேனா இறங்கியதையும் எழுந்ததையும் வெளிப்படையாகக் குறிக்கிறது. 2006-இல் நடந்த தமிழ்க் கையெழுத்து அறிதல் போட்டிக்கு ஹெச்பி ஆய்வகம் தந்த, 156 குறியீடுகளைக் கொண்ட தரவும் பேனா நகர்ந்த பாதையைப் பின்பற்றுவதுதான். மவுஸுக்கும் அதே ஒழுங்கு பொருந்துகிறது.

ஒரே புள்ளி கொண்ட கீற்றைத் திரையில் காட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. டிகே கான்வாஸில் கோடு வரையக் குறைந்தது இரண்டு புள்ளிகள் தேவை. ஒன்றை மட்டும் கொடுத்தால் பிழை எழும். ஆகவே கீற்று மூடப்படும் நேரத்தில் அதன் அகல உயரம் பேனாவின் தடிமனுக்குள் அடங்கிவிட்டால், அதை நிரப்பிய வட்டமாக வரையும்படி அமைக்கப்பட்டது. எல்லையைப் பேனாவின் தடிமனோடு இணைத்ததற்குக் காரணம் உண்டு: இரண்டு பிக்சல் அசைந்த சொடுக்கும் அசையாத சொடுக்கும் பார்வைக்கு ஒன்றேயாக இருக்க வேண்டும். ஆனால் இந்த முடிவு காட்சிக்கும் ஒப்பீட்டுக்கும் மட்டுமே உரியது. கோப்பில் வந்த புள்ளிகள் வந்தபடியே இருக்கின்றன.

பட்டன் அழுத்தப்பட்டிருக்கும் வரை, கர்சர் கான்வாஸுக்கு வெளியே சென்றாலும் நிகழ்வுகள் கான்வாஸுக்கே வந்துகொண்டிருக்கும். ஆயங்கள் (இடத்தைக் குறிக்கும் எக்ஸ், ஒய் மதிப்புகள்) எதிர்மதிப்பாகவோ கான்வாஸின் அகலத்துக்கு மேற்பட்டோ இருக்கலாம். அவற்றை எல்லைக்குள் இழுத்து வைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. இழுத்தால் எழுத்தின் ஓரம் சுவரில் மோதியதுபோல் தட்டையாகிவிடும். எனவே அப்படியே பதிவுசெய்து, ‘எழுத்து எல்லையைத் தாண்டியது’ என்ற குறிப்பை மட்டும் சேர்ப்பதே நேர்மையானது என்று முடிவாயிற்று. விடும் நிகழ்வு வராமலே போகும் வாய்ப்பும் இருக்கிறது: வரைந்துகொண்டிருக்கும்போதே வேறொரு உரையாடல் சாளரம் முன்னால் குதிக்கலாம், திரை பூட்டிக்கொள்ளலாம். அதனால் அழுத்தும் செயற்கூறு, முந்தைய கீற்று திறந்தே கிடந்தால் முதலில் அதை மூடிவிட்டுத்தான் புதியதைத் தொடங்குகிறது.

உருட்டிய கான்வாஸ்

கோடு வேறிடத்தில் விழுந்த குறை எளிதில் தீர்ந்தது. நிகழ்வு தரும் ஆயம் சாளரத்தில் தெரியும் பகுதியின் மேல் இடது மூலையிலிருந்து எண்ணப்படுகிறது. கான்வாஸில் வரையப் பயன்படும் ஆயம் கான்வாஸின் சொந்தத் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. உருட்டாத வரை இரண்டும் ஒன்றே. உருட்டியபின் இரண்டையும் மாற்றிக்கொடுக்க டிகே இரண்டு கட்டளைகளை வைத்திருக்கிறது. நிகழ்வு வந்தவுடன், பட்டியலில் சேர்க்கும் முன்னரே, அவற்றின் வழியாக ஆயத்தை மாற்றிவிட வேண்டும். வரையும்போது மட்டும் மாற்றினால் திரை சரியாகி, கோப்பு தவறாகவே இருக்கும். இப்படிப் பாதி திருத்தம் செய்யப்பட்ட நிரல்களைக் காண்பது அரிதன்று.

அடர்த்தி அதிகமான திரைகளில், அந்த அடர்த்தியை அறிந்துகொள்ளாத நிரலுக்கு விண்டோஸ் அளவை மாற்றிக் காட்டுகிறது. ஒரே கையசைவு இரண்டு கணினிகளில் வெவ்வேறு பிக்சல் எண்ணிக்கையாகப் பதிவாகக்கூடும். அதற்காகவே கோப்பின் தலைப்பில் கான்வாஸின் அகல உயரமும், ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற மதிப்பும் சேர்க்கப்பட்டன. ஒப்பிடும்போது எழுத்தைத் தன் எல்லைச் செவ்வகத்துக்கு ஏற்ப அளவுமாற்றிக்கொண்டால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் அளவுமாற்றிய எண்களைச் சேமிப்பது கூடாது, மூல எண்களையே சேமிக்க வேண்டும்.

நேரம்

பழைய கோப்பில் நேரமே இல்லை. எழுதும் வேகத்தையும் தயங்கும் இடங்களையும் பார்க்க விரும்பும் ஆசிரியருக்கு அது வேண்டும். நிகழ்வு தன்னுடன் மில்லிநொடியில் ஒரு நேரத்தைத் தாங்கி வருகிறது. செயற்கூறுக்குள் கடிகாரத்தைப் பார்த்தால் கிடைப்பது நிகழ்வு கையாளப்பட்ட நேரம். கை நகர்ந்த நேரம் அதற்கு முந்தையது. நிரல் பிந்தும்போதெல்லாம் அந்த வேறுபாடு கூடும். ஆகவே நிகழ்வின் நேரமே பதிவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. அதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. விண்டோஸில் இந்த வகைக் கடிகாரம் 10 முதல் 16 மில்லிநொடிக்கு ஒரு முறைதான் முன்னேறுகிறது; எனவே 8 மில்லிநொடி இடைவெளியில் வந்த இரண்டு புள்ளிகள் ஒரே நேரத்தைக் காட்டலாம், அவற்றுக்கிடையே வேகம் கணக்கிட்டால் பூஜ்யத்தால் வகுக்க நேரிடும். 32 பிட்டில் எண்ணப்படும் மில்லிநொடி 49.7 நாளில் நிரம்பி மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வகுப்பறைக் கணினி அவ்வளவு நாள் அணைக்கப்படாமல் இருப்பது அபூர்வம் என்றாலும், ஒவ்வொரு கீற்றின் முதற்புள்ளியிலிருந்து வித்தியாசத்தை மட்டும் சேமிப்பது எவ்விதச் செலவும் இல்லாத பாதுகாப்பு.

மென்மையாக்குதலும் குறைத்தலும்

பலகோணச் சுழி குறித்துப் பேசும்போது, கோட்டை வளைவாக்கிக் காட்டும் கான்வாஸின் ‘ஸ்மூத்’ விருப்பத்தை இயக்கிவிட்டால் போதாதா என்ற யோசனை வந்தது. அது பொட்டு வைத்து மறைப்பதற்கு ஒப்பானது என்பதே இந்த ஆய்வின் கருத்து. அந்த விருப்பம் புள்ளிகளைக் கொண்டு பரவளைவுத் துண்டுகளாலான பி-ஸ்ப்ளைன் வளைவை வரைகிறது. அவ்வளைவு இடைப்பட்ட புள்ளிகளின் வழியாகச் செல்வதில்லை, அவற்றின் அருகே சென்று திரும்புகிறது. புள்ளிகள் குறைவாக இருந்தால் சுழி உண்மையில் எழுதப்பட்டதைவிடச் சிறிதாகும். ‘ட’, ‘ப’ போன்ற எழுத்துகளின் மூலைகள் மழுங்கும். மூலையைக் கூர்மையாக எழுதிய பிள்ளைக்கும் மழுங்கலாக எழுதிய பிள்ளைக்கும் திரை ஒரே படத்தைக் காட்டும். பயிற்சி நிரலில் இதைவிடக் கேடானது வேறில்லை. எட்வின் கேட்மல், ரஃபேல் ராம் இருவரும் 1974-இல் முன்வைத்த வளைவு புள்ளிகளின் வழியாகவே செல்வதால், காட்சிக்கு மென்மை வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் செயற்கூறு இலேசாகிப் புள்ளிகள் நெருங்கி வரத் தொடங்கியபின், நேர்கோட்டுத் துண்டுகளே கண்ணுக்குப் போதுமான மென்மையைத் தந்துவிட்டன. துண்டுகளின் முனைகளை வட்டமாக்கியது மட்டுமே கூடுதல் வேலை.

ஒப்பிடும் முன் புள்ளிகளைக் குறைப்பது தனிக்கதை. 1972-இல் உர்ஸ் ராமரும் 1973-இல் டேவிட் டக்ளஸ், தாமஸ் பியூக்கர் இருவரும் தனித்தனியே வெளியிட்ட முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது: கீற்றின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அதிலிருந்து மிகத் தொலைவில் உள்ள புள்ளியைக் கண்டு, அத்தொலைவு அனுமதித்த அளவை மீறினால் அங்கே கீற்றை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதையே திரும்பச் செய்வது. வரைபடங்களின் கடற்கரைக் கோடுகளுக்கு நன்கு பொருந்தும் இம்முறை, சுழிகள் நிறைந்த எழுத்தில் ஓரிடத்தில் இடறுகிறது. கீற்று தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் இரு முனைகளும் ஒன்றாகி, இணைக்கும் கோட்டின் நீளம் பூஜ்யமாகிறது. தொலைவுக் கணக்கு பூஜ்யத்தால் வகுக்க முயன்று நின்றுவிடும். ‘ஃ’-இன் புள்ளிகளைச் சிறு வட்டங்களாகச் சுழித்து எழுதுகிறவர்களிடம் இது சாதாரணமாக நிகழும். அத்தகைய நிலையில் கோட்டிலிருந்து தொலைவுக்குப் பதிலாக முனைப்புள்ளியிலிருந்து தொலைவை எடுத்துக்கொள்ளும் ஒரு வரியைச் சேர்ப்பதே தீர்வு. அனுமதிக்கும் அளவைத் தாராளமாக வைத்தால் மூன்று சுழி ‘ண’ இரண்டு சுழி ‘ன’வாகிவிடும் அபாயமும் உண்டு. ஆகையால் அந்த அளவு நிலையான பிக்சல் எண்ணாக இல்லாமல், எழுத்தின் உயரத்தில் ஒரு சிறு பங்காக வைக்கப்பட்டது. குறைத்த புள்ளிகள் நினைவகத்தில் மட்டும் வாழ்கின்றன. கோப்புக்கு அவை செல்வதில்லை.

சோதித்த விதம்

டிகின்டரில் நிகழ்வுகளைச் செயற்கையாக எழுப்ப முடியும். தெரிந்த ஆரமுள்ள வட்டத்தின்மேல் புள்ளிகளைக் கணக்கிட்டு, அழுத்துதல், நகர்தல், விடுதல் என்ற வரிசையில் அவற்றை நிரலுக்குக் கொடுத்து, பதிவான புள்ளிகள் கொடுத்தவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை எழுதப்பட்டது. நகராத சொடுக்கு, கான்வாஸுக்கு வெளியே செல்லும் கீற்று, விடுதல் இல்லாமல் வரும் இரண்டாவது அழுத்துதல், உருட்டிய கான்வாஸ் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை சேர்ந்தது. ஆனால் இப்படி எழுப்பப்படும் நிகழ்வு இயல்பில் வரிசைக்குள் செல்லாமல் உடனே கையாளப்படுவதால், நகர்வுகள் தொலையும் குறையை இச்சோதனை ஒருபோதும் காட்டாது. அதற்குக் கைதான் வேண்டும். செயற்கூறுக்குள் வேண்டுமென்றே 40 மில்லிநொடி உறக்கத்தைச் சேர்த்து ‘ண’ வரைந்தால் பலகோணச் சுழி உடனே திரும்பி வருகிறது; உறக்கத்தை நீக்கினால் மறைகிறது. காரணத்தை இவ்வளவு நேரடியாகக் காட்டும் வேறு வழி தென்படவில்லை.

விண்டோஸில் மட்டும், இன்னும் அடர்த்தியான பாதை வேண்டுமென்றால், கர்சர் கடந்த கடைசி 64 இடங்கள் வரை இயங்குதளத்திடம் கேட்டுப் பெறும் வசதி இருக்கிறது. இந்த நிரல் லினக்ஸ் கணினிகளிலும் ஓட வேண்டியிருப்பதாலும், இலேசான செயற்கூறுக்கு அதன் தேவை எழாததாலும் அது சேர்க்கப்படவில்லை. கீற்றுகளைத் தனித்தனியே வைத்ததால் எதிர்பாராத ஒரு வசதியும் கிடைத்தது: ஒவ்வொரு கீற்றின் துண்டுகளுக்கும் ஒரே குறிச்சொல் இடப்பட்டிருப்பதால், ‘கடைசிக் கீற்றை நீக்கு’ என்ற பொத்தானைச் சேர்க்கச் சில வரிகளே தேவைப்பட்டன.

பழைய கோப்புகள்

வகுப்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கோப்புகளை மீட்க முடியுமா என்பதே ஆசிரியரின் கடைசிக் கேள்வியாக இருந்தது. ஒரே பட்டியலாக உள்ள புள்ளிகளில், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே பெரிய தாவல் இருக்கும் இடத்தைக் கீற்றின் எல்லை என்று ஊகிக்கலாம். ஆனால் நகர்வுகள் தொலைந்ததால், ஒரே கீற்றுக்குள்ளும் அத்தகைய தாவல்கள் இருக்கின்றன. எழுத்தின் கடைசிப் பகுதியில், நிரல் மிகவும் மெதுவாக ஓடிய இடத்தில், அவை அதிகம். நேரம் பதிவாகியிருந்தால் தாவலையும் தயக்கத்தையும் சேர்த்துப் பார்த்துப் பிரித்திருக்கலாம், அதுவும் இல்லை. பதிவாகாத மெய்ப்புள்ளிகளுக்கோ எந்தத் தடயமும் கிடையாது. உருட்டிய நிலையில் எழுதப்பட்டவை எவை என்பதும் கோப்பிலிருந்து தெரியாது. ஆகவே பழைய கோப்புகளுக்கு முதற்பதிப்பு எண்ணை இட்டு, ஒப்பீட்டில் சேர்க்காமல், பார்வைக்கு மட்டும் திறக்கும்படி விடப்பட்டது. மெய்யெழுத்துகளையும் ஆய்தத்தையும் பிள்ளைகள் புதிதாக எழுத வேண்டியிருக்கும்.